கல்லீரல் அறுவை சிகிச்சைக்குப் பின் மரப்பு ஊசி: அளவில் கவனம் தேவைப்படுவது ஏன்?

மும்பை: பல் பிடுங்கும்போதும் காயத்துக்குத் தையல் போடும்போதும் செலுத்தப்படும் மரப்பு மருந்து, சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கிறது. அதைச் சிதைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு கல்லீரலுடையது. எனவே, கல்லீரலின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களுக்கு இம்மருந்தின் அளவைத் தீர்மானிப்பதில் மருத்துவர்கள் கூடுதல் கவனம் செலுத்துகின்றனர்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் நடைபெற்றது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த குழந்தைக்கு அதன் தந்தை கல்லீரலின் ஒரு பகுதியை வழங்கினார். தற்போது பாண்டுப்பை அடுத்த முலுண்ட் உள்ளிட்ட மும்பைப் பகுதிகளிலும் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.

பரவலாகப் பயன்படும் லிடோகெயின் கல்லீரல் வழியே ஒருமுறை செல்லும்போதே அதன் பெரும்பகுதி இரத்தத்திலிருந்து நீக்கப்படுகிறது. ஆகவே, அது வெளியேறும் வேகம் கல்லீரலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. அறுவையின்போது இரத்தப்போக்கைக் குறைக்க, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்பதுண்டு. பிரிங்கிள் 1908-இல் விவரித்த முறை இது. அந்நேரத்தில் மருந்து வெளியேறுவது மந்தமாகிறது.

புபிவகெயின், ரோபிவகெயின் ஆகியவை கல்லீரல் நொதிகளின் திறனையே அதிகம் சார்ந்தவை. எஞ்சிய கல்லீரல் சிறிதாக இருந்தால் இவை இரத்தத்தில் நீண்ட நேரம் தங்கும். எனினும், அறுவைக்குப் பின் இம்மருந்துகளைப் பிணைத்துக்கொள்ளும் ஒருவகைப் புரதம் இரத்தத்தில் உயர்வதால், தீங்கு விளைவிக்கக்கூடிய பிணைப்பற்ற மருந்தின் அளவு ஓரளவு கட்டுப்படுகிறது.

ஒருமுறை போடப்படும் சிறிய அளவு ஊசியால் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. வலி நிவாரணத்துக்காக முதுகுத்தண்டருகே அல்லது காயத்தில் குழாய் வழியே நாள்கணக்கில் மருந்து செலுத்தும்போதே அது உடலில் சேரும் அபாயம் உண்டு. உதட்டைச் சுற்றி மரத்துப்போதல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். முற்றினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் ஏற்படலாம். அப்போது மருந்தை உடனே நிறுத்தி, 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை நரம்பு வழியே செலுத்துவர்.

கல்லீரல் மீண்டும் வளரும் தன்மை கொண்டது. ஆரோக்கியமான கொடையாளருக்குச் சில மாதங்களில் அது பெருமளவு வளர்ந்துவிடுகிறது. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு இம்மீட்சி மந்தமாகவே அமையும். எனவே, கல்லீரல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பல் மருத்துவரிடம் சென்றாலும் அத்தகவலை முதலிலேயே தெரிவிப்பது அவசியம்.