இருபது மில்லிமீட்டர் மரம்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 'கேம்பஸ் சென்டர்' என்றோர் உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. 1988இல் வோல்ஃப்காங் குல்லிச் என்ற பாறையேற்ற வீரர் அங்கே ஒரு பலகையைச் சற்று முன்சாய்வாக மாட்டி, அதில் மெல்லிய மரச்சட்டங்களைச் சம இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். கால் வைக்க அதில் இடமே கிடையாது. விரல்நுனிகளால் கீழ்ச்சட்டத்தில் தொங்க வேண்டும், உடலை உந்தி ஒரு கையை விட வேண்டும், மேலே உள்ள சட்டத்தை எட்டிப் பிடிக்க வேண்டும். இறங்குவதும் அப்படியே. நல்ல தச்சர் ஒருவர் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய பொருள்தான். இன்று உலகெங்கும் உள்ள பாறையேற்றப் பயிற்சிக்கூடங்களில் அதன் வாரிசுகளைப் பார்க்கலாம். அந்தக் கூடத்தின் பெயராலேயே எல்லாவற்றையும் 'கேம்பஸ் போர்டு' என்கிறார்கள்.

இப்படி ஒரு பலகை அவருக்கு எதற்குத் தேவைப்பட்டது? நியூரம்பெர்க்கை அடுத்த ஃபிராங்கன்யூரா காட்டுப்பகுதியில் மரங்களுக்கு இடையே சுண்ணாம்புப் பாறைகள் நிற்கின்றன. பெரிய உயரமெல்லாம் இல்லை. ஆனால் வெளிப்பக்கம் சாய்ந்தவை. பிடிக்கக் கிடைப்பதோ ஓரிரு விரல் மட்டும் நுழையும் குழிகள். வால்ட்கோப்ஃப் என்ற பாறையில் சுமார் 15 மீட்டர் நீளமுள்ள ஒரு பாதை குல்லிச்சின் கண்ணில் பட்டது. தொடக்கத்திலேயே உடலை வீசி, காற்றில் இருக்கும்போதே அப்படியொரு குழிக்குள் விரலைச் செருக வேண்டும். செருகிய அந்தக் கணத்தில் முழு உடல் எடையும் விரலில் இறங்கும். எவ்வளவு நேரம் தொங்க முடியும் என்ற பலம் அங்கே போதாது. தொட்ட நொடியிலேயே விரல் இறுகியாக வேண்டும். புல்-அப் எத்தனை எடுத்தாலும் அது வராது. அந்த ஒரு திறனை மட்டும் பாறையிலிருந்து பிரித்தெடுத்து மரத்தில் பழகத்தான் அவர் பலகை செய்தார்.

1991 செப்டம்பர் 14 அன்று அந்தப் பாதையை ஏறி முடித்தார். 'ஆக்சியோன் டிரெக்ட்' என்று பெயர். அன்றைக்கு உலகிலேயே கடினமானது என்று கருதப்பட்ட பாதை. அடுத்த ஆண்டே ஒரு கார் விபத்தில், 31 வயதில், குல்லிச் இறந்துபோனார். இரண்டாவதாக ஒருவர், அலெக்சாண்டர் ஆட்லர், அதை ஏறியது 1995இல். முதல் பெண்ணாகப் பிரான்சின் மெலிசா லெ நெவே ஏறியது 2020இல்.

வீட்டில் பலகை செய்ய நினைப்பவர்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தப் பலகையைப் பொருத்தும்போது குல்லிச் புதியவர் இல்லை. 1985இல் ஆஸ்திரேலியாவில் 'பங்க்ஸ் இன் த ஜிம்', 1987இல் ஃபிராங்கன்யூராவில் 'வால்ஸ்ட்ரீட்' என்று உலகின் கடினமான பாதைகளை ஏறி முடித்திருந்தார். தன்னிடம் எது குறைகிறது என்று பாறை அவருக்குக் காட்டிவிட்டது. அதன் பிறகுதான் மரத்தைத் தொட்டார். இன்று பலர் ஏறத் தொடங்கிய மாதமே பலகை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் ஏறுவதே போதுமான விரற்பயிற்சி.

அந்தக் காலத்தைத் தாண்டியவர்களுக்கு வீட்டில் மிகவும் பயன்படுவது கேம்பஸ் போர்டு அல்ல, வாசல்நிலைக்கு மேலே மாட்டும் சிறிய தொங்குபலகைதான். கடையில் பிசினில் வார்த்தவையும் கிடைக்கும். நான் மரத்தின் பக்கம். பிசின் சொரசொரப்பானது, விரலின் தோலைத் தின்றுவிடும். தசையில் பலம் மிச்சமிருக்கும்போதே தோல் எரிந்து பயிற்சி நின்றுபோகும். வழவழப்பான மரத்தில் தோல் தப்பும். உராய்வும் குறைவு என்பதால் பிடிக்கும் வேலை முழுவதையும் விரல்தான் செய்தாக வேண்டும். பாறையேறிகள் நிறைந்த இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்து வரும் 'பீஸ்ட்மேக்கர்' பலகைகள் பெயர் வாங்கியதும் மரத்தால்தான்.

வெடிப்போ முடிச்சோ இல்லாத, நேரான ரேகை ஓடும் கெட்டி மரம் போதும். தொடக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் ஆழமுள்ள விளிம்பு சரி. பெரும்பாலோருக்கு விரலின் முதல் கணு ஏறக்குறைய அதில் உட்காரும். விரல் படும் மேல்தளம் மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் சரிந்திருந்தால் கை வழுக்கும்.

முக்கியமான வேலை அந்த விளிம்பின் முனையில் இருக்கிறது. வாள் அறுத்தபடியே கூராக விட்டால் தோலை வெட்டும், வலியில் விரல் தானாகவே பிடியை மாற்றிக்கொள்ளும். அதிகமாக உருட்டிவிட்டால் பெயருக்கு 20 மில்லிமீட்டர் இருக்கும், விரலுக்குக் கிடைப்பது மிகவும் குறைந்துவிடும். ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டுவது நல்லது. முதலில் அரம், பிறகு 80 எண் உப்புத்தாள், கடைசியில் 150. அதற்கு மேல் இழைக்க வேண்டாம். நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் வைத்துப் பாருங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள மயிரிழை வித்தியாசத்தைக்கூட விரல் கண்டுபிடித்துவிடும். வார்னிஷ் கூடவே கூடாது, வழுக்கிவிடும்.

மாட்டுவதில் அலட்சியம் வேண்டாம். நம் வீடுகளில் கதவுக்கு மேலே கான்கிரீட் லிண்டல் இருக்கும். ஆங்கர் போல்ட் இறங்க வேண்டியது அதில்தான். பூச்சிலோ செங்கல் இணைப்பிலோ இறங்கினால் ஒருநாள் பலகையோடு சேர்ந்து விழ நேரிடும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை முதலில் முடுக்கி, அதன்மேல் பலகையைப் பொருத்தினால் பிறகு உயரத்தை மாற்றவும் வசதி.

இனி விரல். விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் நாண், தூண்டிற்கோலின் வளையங்களுக்குள் தூண்டில் நூல் ஓடுவதுபோல, விரலெலும்பை ஒட்டியுள்ள சிறுபட்டைகளுக்குள் ஓடுகிறது. தசை சில வாரங்களிலேயே வலுப்பெறும். நாணுக்கும் பட்டைக்கும் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் விபத்து நேர்கிறது: இழுக்கும் பலம் வந்துவிட்டது, தாங்கும் பலம் வரவில்லை. மோதிரவிரலின் அடிப்பட்டை அறுபடும்போது 'டப்' என்று வெளியே கேட்குமளவுக்குச் சத்தம் வருவதுண்டு. கட்டைவிரலை மேலே பூட்டி விரல்களைச் செங்குத்தாக மடக்கும் பிடியில் அந்தப் பட்டைமேல் சுமை மிக அதிகம். பலகையில் அந்தப் பிடியைத் தவிர்த்து, விரலைப் பாதி மடக்கியோ நீட்டியோ தொங்குங்கள்.

கை நன்றாகச் சூடேறிய பிறகு பத்து விநாடி தொங்கல், மூன்று நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்தாறு முறை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். உடல் எடை முழுவதும் தாங்காது என்றால் ஒரு காலை நாற்காலியில் ஊன்றிக்கொள்ளலாம், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. கணுவிலோ விரலடியிலோ குத்துவலி தெரிந்தால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது.

வளரும் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இன்னும் கவனம் தேவை. பதின்வயதில் விரலெலும்பின் வளர்தட்டு இன்னும் மூடியிருக்காது. ஓயாத சுமையில் அங்கே முறிவு வரும், வளைந்தபடியே விரல் நின்றுவிடவும் கூடும். பதினெட்டு வயதுக்குள் கேம்பஸ் போர்டில் தாவிப் பிடிக்கும் பயிற்சி வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். ஆசைப்படும் பிள்ளையைப் பாறைக்கோ பயிற்சிச் சுவருக்கோ கூட்டிப்போய் வேண்டிய மட்டும் ஏறவிடுங்கள். தொங்குபலகை அவர்கள் வளர்ந்து முடிக்கும்வரை காத்திருக்கட்டும்.