நஞ்சைப் பிழியும் பின்னல்

அமேசான் காட்டுக்குள் பழங்குடி ஊரில் நாலு நாள் தங்கப் போகிறவர் ஜாகுவாரையும் அனகோண்டாவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார். பிரேசிலின் வடமேற்கு மூலையில், ரியோ நெக்ரோ ஆற்றின் மேற்பகுதியில், அவர் கண்ணில் முதலில் படக்கூடியது வேறொன்று: சமையல் கொட்டகையின் விட்டத்திலிருந்து மலைப்பாம்பு போலத் தொங்கும் ஒரு பின்னல் குழாய். பெயர் டிப்பிட்டி. நாணல் போன்ற அருமாத் தண்டைக் கீறி ஆண்கள் பின்னுகிறார்கள். அதை வைத்து வேலை செய்வது பெண்கள்.

அங்கே பனிவா, துக்கானோ மக்களுக்குச் சோறு என்றால் மரவள்ளி. குமரியில் மரச்சீனி, சேலத்தில் குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் அதே செடிதான். ஆனால் அவர்கள் மிகுதியாக நடுவது கசப்பு வகையை. அவித்துத் தின்றால் ஆளையே கொல்லலாம். தித்திப்பு வகையையும் அறிந்தவர்கள் ஏன் இதை நடுகிறார்கள்? கசப்பை எலியும் பன்றியும் எளிதில் தீண்டாது. சத்தில்லாத மணலிலும் விளையும்.

கிழங்கின் செல்லுக்குள் லினமாரின் என்ற வேதிப்பொருள் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. செல் சிதைந்தால் இரண்டும் சேரும்; முடிவில் ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும். பனிவாப் பெண்கள் செய்வது இதைத்தான், வேண்டுமென்றே. கூர்மையான கல் துணுக்குகள் பதித்த பலகையில் கிழங்கைத் துருவி நஞ்சை வெளியே இழுக்கிறார்கள். பிறகு சாற்றோடு வடிக்கிறார்கள். மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்கிறது, சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் வீடுகளில் மரவள்ளியை மூடாமல் அவித்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டச் சொல்வதிலும் இந்த வேதியியல்தான் இருக்கிறது.

வடிப்பதற்குத்தான் டிப்பிட்டி. கடையில் பூண்டு போட்டுத் தரும் வலைப்பையை இரு முனையும் பிடித்து இழுத்துப் பாருங்கள்: நீளும்போதே ஒடுங்கும். இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடுவதால் அப்படி. டிப்பிட்டியும் அதே கணக்கு. குழாயை அமுக்கிக் குட்டையாக்கினால் வயிறு பருக்கும். ஈரத் துருவலைத் திணித்து மேல் வளையத்தை விட்டத்தில் மாட்டுவார்கள். கீழ் வளையத்தில் ஒரு கம்பைச் செருகி, அதன் மேல் ஆள் உட்கார்ந்தால் போதும். திருகாணி இல்லை, இரும்பு இல்லை. குழாய் நீண்டு, தன் வயிற்றைத் தானே பிழிந்துகொள்ளும்.

வடிந்த சாறும் வீணாவதில்லை. அடியில் படியும் வெள்ளை மாவுக்குத் துப்பி மொழி தந்த பெயரே டாப்பியோக்கா. சேலத்து ஜவ்வரிசியும் இப்படிப் படியும் மாவிலிருந்துதான் வருகிறது. மேலே நிற்கும் நீரை நெடுநேரம் கொதிக்கவிட்டால் துகுபி என்ற புளிப்புக் குழம்பு. துருவல், பெய்ஜூ என்ற அகன்ற ரொட்டியாகும். காலையில் அதைப் பிட்டு, மிளகாய் காரம் ஏறிய மீன் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

இந்த வட்டாரத்துப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்ட மரவள்ளி வகைகளைப் பேணுகிறார்கள். நடுகுச்சிகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கியே இத்தனையும் தழைத்தன. 2010-இல் இந்த வேளாண் முறையைப் பிரேசில் தன் பண்பாட்டு மரபாகப் பதிவுசெய்தது. பழங்குடி நிலத்துக்குள் நுழைய ஊராரின் ஒப்புதலும் அரசின் அனுமதியும் வேண்டும். நினைத்தபோது படகேறிப் போய்விட முடியாது.

அனுமதியோடு போனவருக்குப் பின்னலும் வராது, துருவினால் விரலும் தப்பாது. கம்பின் மேல் உட்காரலாம். விருந்தாளியின் தொப்பைக்கு அங்கே வேலை உண்டு.