பத்து ரூபாய் டிக்கெட்... ஆறு மாச ஜெயில்!

"கட்டைவிரலை எடுங்க தம்பி."

நான் எடுக்கவில்லை. எடுத்தால் அடியில் இருக்கிற தேதி தெரிந்துவிடுமே!

2014-ம் வருடம், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே கால். தாம்பரம்-பீச் லைனில் ஒரு ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், இன்றைக்கும் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். படிக்கட்டு இறங்குகிற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர் வலை விரித்து நின்றிருந்தார்கள். திரும்பிப் போகலாம் என்றால் பின்னாலிருந்து கூட்டம் முதுகில் முட்டுகிறது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் தினமும் போகிறவர்களுக்குத் தெரியும், காலை ஒன்பது மணிக்கு அந்தப் படிக்கட்டு ஒருவழிப் பாதை.

என் சீசன் டிக்கெட் சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தூங்கியே கழிந்தது. திங்கள் காலை கவுன்ட்டரில் க்யூ, அனுமார் வால். எங்கள் ஆபீஸிலோ ஒன்பதரை தாண்டினால் ரிஜிஸ்டரில் சிவப்பு மை. மூன்று சிவப்பு மைக்கு அரை நாள் சம்பளம் வெட்டு. சாயங்காலம் புது சீசன் எடுத்துக்கொண்டால் போச்சு என்று ஏறிவிட்டேன். பி.காம். படித்தவன் போட்ட லாப நஷ்டக் கணக்கு இது!

ஆக, மறந்துபோய் ஏறவில்லை, தெரிந்தேதான் ஏறினேன். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வரப்போகிற சட்டம் பூராவும் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

டி.டி.ஆர். ஐம்பதைத் தாண்டியவர். கோபமே படவில்லை. என் கட்டைவிரலை அவரே மெதுவாக நகர்த்தினார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மறந்துட்டீங்களா?"

"ஆமா சார்... மறந்தே போச்சு சார்."

"மறந்தவன் விரலை வெச்சு மறைக்க மாட்டானே தம்பி!"

எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"சீசன் முடிஞ்சு போச்சு, ஃபைன் போடுங்கன்னு நீங்களா சொல்லியிருந்தா 138. இப்படி மறைச்சீங்க பாருங்க, இதை 137-ல கொண்டு போகலாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு நம்பர்தான் வித்தியாசம். ஆனா அந்த ஒரு நம்பர்ல கோர்ட்டு இருக்கு, ஜெயில் இருக்கு."

அப்புறம் ஒரு நாள் ஆர்வக் கோளாறில் அந்தச் சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு படித்தேன். மனிதர் சொன்னது அட்சரசுத்தம். 1989-ம் வருட ரயில்வே சட்டத்தில் 138-வது பிரிவு, நீங்கள் ஏன் டிக்கெட் இல்லாமல் வந்தீர்கள் என்று விசாரிப்பதே இல்லை. மறதியா, அவசரமா, வீட்டில் சண்டையா, அதற்குக் கவலை கிடையாது. வந்த தூரத்துக்கு டிக்கெட் காசு. அதற்கு மேல் அதே அளவு காசு அல்லது 250 ரூபாய், இதில் எது பெரிசோ அது. எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால் வண்டி புறப்பட்ட ஸ்டேஷனிலிருந்தே கணக்கு. நடுவில் எங்காவது செக்கிங் நடந்திருந்தால் அங்கேயிருந்து. கட்டினால் ரசீது கொடுப்பார்கள், போய்க்கொண்டே இருக்கலாம். கட்ட மாட்டேன் என்று முறைத்தால் விஷயம் மாஜிஸ்திரேட்டிடம் போகும். அவர் உத்தரவு போட்டும் கட்டவில்லை என்றால் பத்து நாளிலிருந்து ஒரு மாசம் வரை உள்ளே வைக்கலாம்.

137 வேறு ஜாதி. அதில் 'ஏமாற்றும் எண்ணத்தோடு' என்று ஒரு வார்த்தை வருகிறது. அது ஒட்டிக்கொண்டால் ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தனிக் காரணம் எதையாவது தீர்ப்பில் எழுதினால் ஒழிய, ஐந்நூறுக்குக் கீழே அபராதம் போடக்கூடாது என்று மாஜிஸ்திரேட்டுக்கே கட்டுப்பாடு. ஏற்கெனவே போய்வந்த டிக்கெட்டை மறுபடி நீட்டுவதும் இதில்தான் சேர்த்தி. அதற்கென்று அதிகாரம் பெற்றவர் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

எண்ணம் என்பது மண்டைக்குள் இருக்கிற சமாச்சாரமாச்சே, அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மண்டையைத் திறக்கவே வேண்டாம். ஓடுகிற கால், பொய்ப் பெயர் சொல்கிற வாய், தேதியை மறைக்கிற கட்டைவிரல்... இதெல்லாம் போதும்.

அன்றைக்கு என்னோடு இன்னும் இரண்டு பேர் மாட்டியிருந்தார்கள். ஒருவன் காலேஜ் பையன். டி.டி.ஆரைப் பார்த்ததும் தண்டவாளத்தில் குதித்து ஓடியவனை ஆர்.பி.எஃப்.காரர் காலரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். (தண்டவாளம் தாண்டியதற்கு அது ஒரு தனி கேஸ்!) இன்னொருவர் டை கட்டிய கனவான். டிக்கெட் வாங்கினேன், தொலைந்துவிட்டது என்று ஆரம்பித்தார். சரி, ஃபைனைக் கட்டுங்கள் என்றதும் குரல் உயர்ந்தது.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். அதுக்குத்தான் பேரும் அட்ரஸும் கேக்குறேன்."

கனவான் அப்படியே அவுட்-போஸ்ட் பக்கம் அழைத்துப் போகப்பட்டார். பணம் இல்லாதவர் மாதிரியும் தெரியவில்லை. இருநூற்றைம்பது ரூபாய் வாயால் வளர்ந்து எங்கே போய் நின்றதோ, யார் கண்டது?

என் கதைக்கு வருகிறேன். டிக்கெட் பத்து, அபராதம் 250. ஆக 260. என் பர்ஸில் இருந்தது 180. மாசக் கடைசி என்பதால் ஏ.டி.எம்.மிலும் நூறு ரூபாய் தேறாது.

"இருக்கறதை எடுத்துக்குங்க சார்..."

"ரசீதுல பாதி ஃபைன்னு எழுத முடியுமா தம்பி? யாரையாவது கூப்பிடுங்க. இல்லேன்னா வேற வழி இல்ல."

அந்த 'வேற வழி' என்ற வார்த்தையில்தான் எனக்கு வயிறு கலங்கியது. அப்போது மத்திய அரசு குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதி, பாஸாகி, ஆர்டருக்காகக் காத்திருந்தேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் கோர்ட்டா?

படியில் எங்கள் ஆபீஸ் கேஷியர் சார் இறங்கிக்கொண்டிருந்தார்! அவர் கண்ணில் படக்கூடாது என்று ஒரு நிமிஷம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்புறம் மானத்தைத் தூக்கித் தூணிலேயே சாத்திவிட்டு, "சார்" என்று கூப்பிட்டேன். ஒன்றும் கேட்காமல் நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். டி.டி.ஆர். 138 என்று ரசீது எழுதினார். கிழித்துக் கொடுக்கும்போது என் கட்டைவிரலை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஆபீஸ் நோக்கி நடக்கும்போது கேஷியர் சார் வாயைத் திறந்தார். "ஆர்டருக்கு முன்னாடி அட்டெஸ்டேஷன் ஃபாரம்னு ஒண்ணு வரும். உன் பூர்வோத்தரம் பூரா கேப்பான். என்னிக்காவது கைதானியா, உன் மேல வழக்கு போட்டாங்களா, கோர்ட்ல அபராதம் கட்டினியான்னு ஒவ்வொண்ணா கேப்பான். பிளாட்பாரத்துல ரசீது வாங்கிக் கட்டினது கோர்ட் அபராதம் ஆகாது. மாஜிஸ்திரேட் எதிர்ல கட்டியிருந்தா? ஆமான்னுதான் எழுதணும். ரசீதைத் தூக்கிப் போட்டுடாதே."

இரண்டு மாசம் கழித்து ஃபாரம் வந்தது. அவர் சொன்ன கேள்விகள் அச்சு அசலாக அதில் இருந்தன. அத்தனைக்கும் 'இல்லை' என்று எழுதினேன், பொய் சொல்லாமல். (வேலையில் சேர்ந்தேன், மூன்றே வருஷத்தில் விட்டேன். அது வேறு கட்டுரை!)

'ஆமாம்' என்று எழுத வேண்டிய நிலைமை வந்தவர்கள் உடனே தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டாம். அவதார் சிங் என்பவருடைய வழக்கில் 2016-ல் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஃபாரத்தில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது என்று அடித்துச் சொன்னார்கள். சின்ன வயசில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயம், சொல்லியிருந்தாலும் வேலைக்குத் தகுதி போயிருக்காது என்கிற மாதிரி கேஸ் என்றால், மறைத்ததைக்கூட வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்றும் சொன்னார்கள். 'மன்னிக்கலாம்' என்பதைக் கவனிக்கவும். மன்னித்தே ஆக வேண்டும் என்று இல்லை. அங்கேயும் பாருங்கள், கேஸைவிட கட்டைவிரல்தான் பிரச்னை!

சீமையிலும் இந்தக் கூத்து உண்டு. அங்கே டிக்கெட் ஏய்ப்பு வழக்குக்கு ரயில் கம்பெனிகள் கையில் எடுப்பது 1889-ம் வருடத்துச் சட்டம். கம்பெனிகள் வேலை சுலபமாகட்டும் என்று, ஒரே ஒரு மாஜிஸ்திரேட் காகிதங்களை மட்டும் புரட்டித் தீர்ப்பெழுதுகிற குறுக்கு வழியில் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டுத் தள்ளின. அந்தச் சட்டத்து வழக்குகளைக் குறுக்கு வழியில் நடத்த அனுமதியே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் அங்குள்ள தலைமை மாஜிஸ்திரேட் ஆறு வழக்குகளை எடுத்துக்கொண்டு, செல்லாது என்றார். அதே மாதிரி வழக்குகள் சுமார் 74,000 இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். அத்தனை பேரும் ஏதோ ஒரு ஃபாரத்தில் என்ன எழுதுவது என்று திகைத்திருப்பார்கள்தானே?

நம் ஊருக்கு வருவோம். பிளாட்பாரம் டிக்கெட் இருந்தால் வண்டியில் ஏறிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பல பேருக்கு இருக்கிறது. அது பயண டிக்கெட் ஆகாது. எங்கே ஏறினீர்கள் என்பதற்கு வேண்டுமானால் சாட்சி சொல்லும். அதைவிட நல்ல வழி சட்டத்திலேயே இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. வெளியூர் வண்டியில் டிக்கெட் எடுக்க முடியாமல் ஏற வேண்டி வந்தால், டி.டி.ஆர். உங்களைத் தேடி வருவதற்குள் நீங்கள் அவரைத் தேடிப் போய் அனுமதி கேட்கலாம். 55-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் அனுமதித்துச் சான்று எழுதிக் கொடுத்தால் டிக்கெட் காசு மட்டும்தான், அந்த 250 கிடையாது. அனுமதிப்பதும் அனுமதிக்காததும் அவர் கையில். ஆனால் வாயைத் திறக்காதவனுக்கு அந்தச் சலுகை இல்லவே இல்லை.

வீட்டில் அக்கா, தங்கை இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள். ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணை டிக்கெட் இல்லை என்பதற்காக ராத்திரியில் நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. 139-வது பிரிவு தடுக்கிறது.

இப்போது க்யூ பிரச்னை பாதி ஒழிந்தது, டிக்கெட் செல்போனிலேயே வந்துவிடுகிறது. ஆனால் சார்ஜ் போய் போன் படுத்துவிட்டால்? காட்ட முடியாத டிக்கெட் இல்லாத டிக்கெட்தான். போன மாசம்கூட ஒரு பையன் செத்துப்போன போனை டி.டி.ஆர். முகத்துக்கு நேரே ஆட்டி, "உள்ள இருக்கு சார், உள்ள இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அருகில் போய், "பேசாம 138-னு கட்டிடு தம்பி" என்றேன். யாருடா இவன் என்பது மாதிரி பார்த்தான். அப்புறம் கட்டினான். பர்ஸில் முந்நூறு ரூபாய் வைத்திருந்தான், கெட்டிக்காரன்.

என் ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். கார்பன் மங்கி ஸ்டேஷன் பெயர்கூடத் தெரியவில்லை. கூர்ந்து பார்த்தால் 260 மட்டும் தெரிகிறது. கேஷியர் சாருக்கு நூறு ரூபாயை ஒண்ணாம் தேதியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார், ஒரே ஒரு நோட்டுதான் என்றாலும்.