சத்தம் கூடினால் சக்தி கூடுமா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு. காலை நேரம். காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆட்டோக்கள் போகின்றன. ஓர் ஆட்டோவை ஓட்டுபவர் இளைஞர். கடன் வாங்கி வண்டி எடுத்தவர். மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும்.

நண்பர்கள் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"சைலன்சரைக் கழற்று. வேறு குழாய் போடு. வண்டி பறக்கும். பெட்ரோலும் மிச்சமாகும்."

அவர் கிள்ளிப்பாலத்தில் ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனார்.

"அண்ணாச்சி, சைலன்சரை மாத்தித் தரணும்."

வயதான மெக்கானிக் சிரித்தார்.

"அது எதுக்கு இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ, தம்பி. பிறகு மாத்தலாம்."

சைலன்சர் எதற்கு இருக்கிறது? அதை அறிய, முதலில் எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலிண்டர் என்பது என்ன?

எஞ்சினுக்குள் உருளை வடிவில் ஓர் அறை இருக்கிறது. அதுதான் சிலிண்டர். அதற்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து போகின்றன. பிளக் தீப்பொறி தருகிறது. பெட்ரோல் எரிகிறது. சூடான வாயு விரிகிறது. அது பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலால் சக்கரம் சுற்றுகிறது. எரிந்த புகை குழாய் வழியே வெளியே போகிறது.

ஆட்டோவில் பெரும்பாலும் ஒரு சிலிண்டர்தான் உண்டு. 1983-இல் வந்த மாருதி 800 காரில் 3 சிலிண்டர்கள். பழைய அம்பாசிடர் காரில் 4. பல டீசல் பஸ்களில் 6. சில பெரிய சொகுசுக் கார்களில் 8 சிலிண்டர்கள் உண்டு. பெரும்பாலும் அவை பக்கத்துக்கு 4 ஆக இரண்டு வரிசையில் இருக்கும்.

சிலிண்டர் அதிகமானால் எஞ்சின் அதிராமல் சுற்றும். பெரிய எஞ்சினுக்கு இழுவையும் அதிகம். ஆனால் செலவு?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மூன்று கார்கள் அங்கே போகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4 சிலிண்டர் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், 6 லிட்டர் வேண்டும். செலவு 600 ரூபாய்.

6 சிலிண்டர் கார் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்றால், 10 லிட்டர் வேண்டும். செலவு 1,000 ரூபாய்.

8 சிலிண்டர் கார் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்றால், 15 லிட்டர் வேண்டும். செலவு 1,500 ரூபாய்.

வழி ஒன்றுதான். செலவு வேறு. செலவு பெட்ரோலோடு முடிவதில்லை. சிலிண்டர் கூடினால் பிளக் கூடும். எஞ்சின் பெரிதானால் ஆயிலும் கூடும். பழுது பார்க்கும் கூலியும் கூடும். இந்தச் செலவையெல்லாம் எந்தக் குழாயும் குறைக்காது.

சைலன்சர் என்ன செய்கிறது?

எரிந்த புகை மெதுவாக வருவதில்லை. வேட்டுப் போட்டதுபோல, விட்டு விட்டு வேகமாக வருகிறது. சைலன்சருக்குள் சிறு அறைகளும், துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. அவற்றின் வழியே போகும்போது வேகம் தணிகிறது. சத்தமும் அடங்குகிறது.

புகை போகும் வழியில் இன்னொரு கருவியும் உண்டு. அதன் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடுபோல நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றின்மேல் பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். நச்சுப் புகையின் பெரும்பகுதியை இது தீங்கு குறைந்த வாயுவாக மாற்றுகிறது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-இல் இது கட்டாயமானது. பிறகு மற்ற ஊர்களுக்கும் வண்டிகளுக்கும் பரவியது.

சைலன்சரோடு இதையும் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு அதிகமாக வெளியே வரும். அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. அது இரத்தத்தில் கலந்து, உயிர்க்காற்று சேரவிடாமல் தடுக்கும். தலைவலி, மயக்கம் வரும். அளவு மீறினால் உயிரே போகும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? நாள் முழுதும் தெருவில் இருக்கும் ஓட்டுநர். சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரர். நடைபாதையில் கடை போட்டிருக்கும் பெண்.

இழுவையாவது கூடுமா? வண்டி செய்தவர்கள் எஞ்சினையும் குழாயையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைத்திருக்கிறார்கள். குழாயை மட்டும் மாற்றினால் அந்தப் பொருத்தம் கெடும். சத்தம் கூடும். அதைக் கேட்டுச் சக்தி கூடியதாக நினைப்பதுதான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. 2019-இல் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். 6 மாதம் வரை சிறையும் உண்டு. புகை, சத்த விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம்.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பு.

உண்மையில் மிச்சம் எதில்?

மெக்கானிக் ஆட்டோவின் காற்று வடிகட்டியைக் கழற்றினார். தட்டினார். ஒரு பிடி தூசி கொட்டியது.

"இதுதான் தம்பி, உன் பெட்ரோலைக் குடிக்குது!"

வடிகட்டியில் அழுக்கு சேரக் கூடாது. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஆயிலைக் காலத்தில் மாற்ற வேண்டும். சிக்னலில் வெகுநேரம் நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும். இவையெல்லாம் கைக்காசை மிச்சப்படுத்தும் வழிகள்.

புகைக்குழாயே இல்லாத ஆட்டோவும் உண்டு. நெய்யாற்றின்கரை அருகே ஆறாலும்மூட்டில் கேரள ஆட்டோமொபைல்ஸ் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. அது 2019-இல் நீம்ஜி என்ற மின்சார ஆட்டோவை வெளியிட்டது. அதில் சிலிண்டர் இல்லை. சைலன்சரும் இல்லை.

இளைஞர் சைலன்சரை மாற்றவில்லை. புதிய வடிகட்டி மட்டும் வாங்கிப் போட்டார். புறப்படும் முன் புகைச் சோதனைச் சான்றிதழை எடுத்தார். அது முடியும் தேதியை எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னும் 4 நாள்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் வண்டி இருக்கிறதா? அதன் சான்றிதழ் என்றைக்கு முடிகிறது? இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.