ஓரிடத்தில் உறையும் பல அணுக்கள்

ஒரு தனிமத்தின் அணுக்கள் அனைத்தும் எடையில் ஒன்றையொன்று ஒத்தவை என்று ஜான் டால்டன் 1808ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் வரையறுத்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேதியியல் உலகம் அதனைப் பெரிதும் ஏற்றிருந்தது. அக்கொள்கையை அசைத்த பொருள்களுள் முதன்மையானது பொன்னன்று, வெள்ளியுமன்று, காரீயம். (பாத்திரத்திற்கு ஈயம் பூசுதல் என்கிறோமே, அது வெள்ளீயம். அது வேறு தனிமம்.)

அணுவின் அமைப்பை முதலில் நினைவுகூர்வோம். அணுவின் நடுவே மிகச் சிறிய அணுக்கரு உண்டெனக் காட்டியவர் ரூதர்போர்டு, ஆண்டு 1911. அக்கருவினுள் நேர்மின்னேற்றம் உடைய புரோட்டான்களும் மின்னேற்றம் அற்ற நியூட்ரான்களும் உள்ளன. கருவுக்கு வெளியே எலக்ட்ரான்கள் உள்ளன. புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். தனிமம் இன்னதென்று முடிவு செய்வதும் அதுவே. 82 எனில் காரீயம், 79 எனில் பொன். நியூட்ரான்களின் எண்ணிக்கையோ ஒரே தனிமத்திற்குள்ளும் கூடலாம், குறையலாம். அப்போது எடை மாறும், எலக்ட்ரான்கள் மாறா. வேதிவினைகள் எலக்ட்ரான்களைச் சார்ந்தே நிகழ்வதால், எடை வேறுபட்ட இவ்வணுக்களைச் சாதாரண வேதிமுறைகளால் பிரித்தல் அரிது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரடெரிக் சாடி 1913இல் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். தனிம அட்டவணையில் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இவற்றிற்குப் பெயர் வேண்டியிருந்தது. மருத்துவரும் புதின ஆசிரியருமான மார்கரெட் டாட் என்னும் அம்மையார், 'ஒரே இடம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'ஐசோடோப்பு' என்று பெயர் சூட்டினார். நியூட்ரானைச் சாட்விக் கண்டறிந்தது 1932இல்தான். காரணி அறியப்படாத நிலையிலேயே சாடி அதன் விளைவைக் கண்டார் என்பதை மாணவர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

சான்று வேண்டுமே! யுரேனியம் 238 சிதையும்போது எட்டு ஆல்பாத் துகள்களை இழக்கிறது. ஒவ்வொன்றின் நிறை எண்ணும் 4. ஆகவே இழப்பு 32. எஞ்சுவது காரீயம் 206. தோரியம் 232 ஆறு ஆல்பாத் துகள்களை, அதாவது 24ஐ இழந்து காரீயம் 208 ஆகிறது. எனவே தோரியக் கனிமத்தில் கிடைக்கும் காரீயம், 207.2 என்னும் அணு எடையுடைய வழக்கமான காரீயத்தைவிடக் கனமாக இருத்தல் வேண்டும். இதனைச் சோதிக்கச் சாடி தேர்ந்த கனிமம் அந்நாளில் சிலோன் எனப்பட்ட இலங்கையின் தோரைட்டு. அதிலிருந்து பிரித்த காரீயத்தின் அடர்த்தி, வழக்கமான காரீயத்தின் அடர்த்தியைவிட 0.26 விழுக்காடு மிகுதியாக இருந்தது. எலக்ட்ரான் அமைப்பு ஒன்றாதலின் இரு காரீய அணுக்களின் பருமனும் ஒன்றே. ஆகவே அடர்த்தி மிகுந்த அளவிற்கு எடையும் மிகுந்ததெனக் கொண்டு, அணு எடை 207.74 எனக் கணித்தார். ஹோனிக்ஷ்மித் தனியே அளந்து பெற்ற விடை 207.77. கணிப்பும் அளவையும் இத்துணை நெருங்கி வருதல் எந்நாளும் வியப்பிற்குரியது. சாடிக்கு 1921ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குளோரினின் அணு எடை ஏன் 35.5 என்ற வினாவிற்கும் இதுவே விடை. 35, 37 என்னும் இருவகை அணுக்கள் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்னும் அளவில் கலந்திருக்கின்றன. நாம் படிப்பது சராசரி. கார்பன் 14, 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதால் பழங்காலக் கரித்துண்டும் காலம் சொல்கிறது. கீழடியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்ற தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை இம்முறையைச் சார்ந்ததே.

தமிழ்த்துறையின் மலராதலின் சொல் பற்றியும் ஒரு கருத்து. நம் பாடநூல்கள் 'ஐசோடோப்பு' என்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்களோ 'சமதானி' என்று வழங்குகின்றன. தானம் என்பது இடம். கிரேக்கச் சொல்லின் பொருளை அப்படியே ஏந்தி நிற்பதால் இதனையே நாம் சிறந்ததெனக் கருதுகிறோம். வடசொல் வேண்டாதார் 'ஓரிடத்தான்' எனலாம். எதனை ஏற்பினும் மற்றதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. இல்லையேல் இலங்கை நூலொன்றைப் புரட்டும்போது, தாம் முன்பே படித்த பாடத்தையே புதிய பாடமென மயங்குவர்.