தள்ளிவிட ஆள் தேட வேண்டியதில்லை



கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் வசிக்கும் ஒரு சகோதரியைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். அவருடைய விருப்பப்படி பெயரைத் தவிர்க்கிறேன்.

2009இல் கணவரை இழந்தவர். முகாமிலிருந்து மறுவருடம் ஊர் திரும்பியபோது அவரிடம் இருந்தவை இரண்டு பிள்ளைகளும் ஒரு தறப்பாளும்தான். தையல், கோழி வளர்ப்பு என்று பல தொழில்களைச் செய்து பார்த்தார். பின்னர் வெளிநாட்டிலிருக்கும் தம்பியின் உதவியோடு பழைய சிறிய இந்தியக் கார் ஒன்றை வாங்கினார். ஓட்டப் பழகி அனுமதிப்பத்திரமும் எடுத்தார். காலையில் அயலிலுள்ள சிறுவர்களைப் பாடசாலையில் விடுவார். கிளினிக் போகும் கர்ப்பிணித் தாய்மாரையும் முதியவர்களையும் ஏற்றிச் செல்வார். அந்த வருமானத்தில்தான் வீடு நடந்தது.

ஒருநாள் திறப்பைத் திருப்பியபோது கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவர் வந்து தள்ளிவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. இரண்டு கிழமைக்குள் அது நாளாந்த வழக்கமாகிவிட்டது. தள்ளியவர்கள் நல்ல பிள்ளைகள். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "விடிஞ்சால் அந்த வீட்டு வாசலிலை பெடியள் நிற்கினம்" என்று பேச்சு வந்தது. தனியாக வாழும் பெண்ணுக்கு அந்த ஒரு வசனம் எவ்வளவு பாரம் என்பதை வாசகிகளாகிய உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு கராஜில் கேட்டபோது, வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை அவருடைய ஒரு மாத வருமானத்திலும் கூட. காரை விற்கலாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இந்தக் காலத்தில் ஏறிய விலையில், ஒரு காரை விற்றவர் மீண்டும் ஒன்றை வாங்குவது எளிதல்ல. "விற்க முதல், என்ன பழுது என்று பார்ப்போம்" என்றேன். எனக்கும் இயந்திரம் தெரியாது. ஆனால் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருந்தார். பல வருடம் மெக்கானிக் வேலை செய்து ஓய்ந்த பெரியவர் அவர்.

கைபிடி சுற்றிய காலம்

எஞ்சின் தானாகச் சுழலத் தொடங்காது. முதற் சில சுற்றுகளை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஆரம்பகாலக் கார்களில் முன்பக்கத்தில் ஒரு கம்பியைச் செருகிக் கையால் சுற்றுவார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்கரான சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் வந்தது. அதன் பின்னர், கம்பி சுற்றும் உடல்வலு இல்லாதவர்களும் தனியாகக் காரைக் கிளப்ப முடிந்தது. பெண்கள் கார் ஓட்டுவது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் மண்ணில் காலம் பின்னோக்கியும் ஓடியது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் கிடைப்பது அரிது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெரியவர் அந்தக் கார்களோடு வாழ்ந்தவர். "பிள்ளை, ஹாண்டிலைப் பிடிக்கேக்கை பெருவிரலையும் மற்ற விரல்களோடை ஒரே பக்கம் வைச்சு மேலை இழுக்க வேணும். சுத்திப் பிடிச்சால் விரல் போகும்" என்று கையை நீட்டிக் காட்டினார். அவருடைய பெருவிரல் கோணலாகத்தான் இருந்தது.

எங்கே பிழை?

அவர் ஸ்பனரைத் தொடவில்லை. முதலில் கேட்கச் சொன்னார். "கண்ணுக்கு முன்னம் காதுதான் மெக்கானிக்."

திறப்பைத் திருப்பும்போது ஸ்ராட்டரோடு இணைந்த சொலினொயிட் என்னும் மின்காந்த ஆளி, சிறிய பற்சில்லு ஒன்றை முன்னே தள்ளுகிறது. அது எஞ்சினின் பெரிய சில்லிலுள்ள பற்களில் கோர்க்கிறது. உடனே மோட்டர் சுழன்று எஞ்சினைச் சுற்றுகிறது. ஆகவே சத்தத்தைக் கொண்டே பழுதை ஓரளவு பிரித்தறியலாம்.

"டக் டக் டக்" என்று விரைவாகத் தொடர்ந்து கேட்டால் பற்றரி பலவீனமாக இருக்கலாம், அல்லது அதன் முனைகள் கறள் பிடித்திருக்கலாம். விளக்குகளும் மங்கும்.

ஒரேயொரு பலமான "டக்" கேட்டு, விளக்குகள் பிரகாசமாகவே நின்றால் மோட்டரிலோ சொலினொயிட்டிலோ பழுது இருக்கலாம்.

சத்தமே இல்லாவிட்டால் திறப்பு ஆளி, பியூஸ், சொலினொயிட்டுக்குப் போகும் சிறிய வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மோட்டர் வேகமாகச் சுழலும் சத்தம் மட்டும் கேட்டு எஞ்சின் அசையாவிட்டால் பற்சில்லு கோர்க்கவில்லை.

சகோதரியின் காரில் ஒற்றை "டக்". மீற்றரை வைத்துப் பார்த்தபோது ஓய்வில் இருந்த பற்றரி 12.6 வோல்ற் காட்டியது. நன்றாக மின்னேறிய பற்றரியின் அளவு அது. இரு முனைகளையும் சுத்தம் செய்து இறுக்கிய பின்னும் அதே நிலை. பெரியவர் மரப்பிடி ஒன்றால் ஸ்ராட்டரின் உடலில் மெதுவாகத் தட்டச் சொன்னார். திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பியது! மோட்டருக்குள் மின்னைக் கொடுக்கும் காபன் பிறஷ்கள் தேய்ந்துவிட்டன என்பதற்கு அது நல்ல அடையாளம். வயரிங்கில் எந்தப் பிழையும் இல்லை.

சகோதரி சிறிது நேரம் பேசாமல் நின்றார். "இதுக்கோ அக்கா நான் காரை விக்க இருந்தனான்?" என்றார்.

கழற்றி மாற்றுதல்

மறுநாள் வேப்பமர நிழலில் வேலை நடந்தது. செய்தவர் சகோதரி. பெரியவர் கதிரையில் இருந்து சொல்லிக்கொடுத்தார். நான் ஸ்பனர் எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வேண்டும். சிறிய காரிலும் ஸ்ராட்டர் நூறு அம்பியருக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும். அந்த வயரில் உலோகம் பட்டால் கை வெந்துவிடும். ஆகவே பற்றரியின் நில இணைப்பை, அதாவது கார் உடலோடு இணையும் முனையை, முதலில் கழற்ற வேண்டும். இன்றைய கார்களில் அது எதிர் முனை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் பெரும்பாலும் நேர் முனை. திரும்பப் பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்ட வேண்டும். பற்றரிக்கு அருகில் நெருப்பு ஆகாது.

காருக்குக் கீழே போக வேண்டியிருந்தால் ஜக்கை மட்டும் நம்பவே கூடாது. சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குத் தடை வைத்து, உறுதியான இரும்புத் தாங்கிகளில் காரை இருத்த வேண்டும். மணல் தரையென்றால் கீழே தடித்த பலகை வேண்டும். சீமெந்துக் கல் நொறுங்கும், அதை வைக்கக் கூடாது.

பிறகு வயர்கள் இருந்த இடத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம். பற்றரியிலிருந்து வரும் தடித்த வயரையும், திறப்பிலிருந்து வரும் சிறிய வயரையும் கழற்றினார். மோட்டரைத் தாங்கும் போல்ற்றுகள் பெரும்பாலான கார்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று. கறள் பிடித்த ஒன்றுக்கு எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுத்தோம். கடைசிப் போல்ற்றைக் கழற்றும்போது மோட்டரை ஒரு கையால் தாங்க வேண்டும். அது சில கிலோ நிறை, விழுந்தால் கால் போகும்.

கழற்றியதை வவுனியாவில் மோட்டர் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனோம். பிறஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே போதும். இதில் உள்ளே சுழலும் பகுதியும் தேய்ந்திருந்தது. ஆகவே திருத்திய வேறொரு மோட்டரை வாங்கினோம். பழையதைப் பக்கத்தில் வைத்து, பற்களின் எண்ணிக்கையும் போல்ற் துளைகளும் ஒத்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்கியவர் சகோதரிதான். இரண்டுக்குமான செலவு கராஜில் கேட்ட தொகையில் பாதிகூட வரவில்லை.

பூட்டுமுன் மோட்டர் பொருந்தும் இடத்தை அரத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தார். மோட்டருக்கு நில இணைப்பு அந்த உலோகத்தின் வழியேதான் கிடைக்கிறது. போல்ற்றுகளை மாறி மாறி இறுக்கி, வயர்களைப் பூட்டி, கடைசியாக நில இணைப்பைக் கொடுத்தார். கியரை நியூற்றலில் வைத்து, கைத்தடையை இழுத்து, திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் கிளம்பியது. வேலியோரம் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பெரியவர் ஒரு புத்தியும் சொன்னார். கிளம்பாவிட்டால் பத்து விநாடிக்கு மேல் திறப்பைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் புது மோட்டரும் எரியும்.

கற்ற கை

காருக்குக் கீழே கிடந்த சகோதரியைக் கண்டு, "பொம்பிளை செய்யிற வேலையோ இது?" என்று ஒருவர் கேட்டுச் சென்றதும் உண்டு. சமூகவியல் படித்தபோது, ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவை இயற்கை அல்ல, சமூகமே வகுக்கிறது என்று பரீட்சைக்கு எழுதினேன். அந்த வேப்பமர நிழலில்தான் அதைக் கண்ணால் கண்டேன். போர்க்காலத்தில் கிணறு இறைத்ததும் பதுங்குகுழி வெட்டியதும் நாங்கள்தானே? அப்போது ஒருவரும் அது யாருடைய வேலை என்று கேட்கவில்லை.

எல்லோரும் மெக்கானிக்காக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில கார்களில் ஸ்ராட்டர் மிக உள்ளே இருக்கும். அவற்றை அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் எது பழுது என்று தெரிந்துகொண்டு கராஜுக்குப் போகும் பெண்ணை ஏமாற்றுவது கடினம். கையிலுள்ள பொருளை எத்தனையோ தடவை விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள். கற்றுக்கொண்டதை மட்டும் எந்த இடப்பெயர்விலும் விட்டுவிட்டு வரவில்லை.

சென்ற மாதம் அவரைத் தேடிப் போனபோது வீட்டில் இல்லை. அடுத்த தெருவில் இன்னொரு சகோதரியின் முச்சக்கரவண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "திறப்பைத் திருப்பும், சத்தத்தைக் கேட்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.