உடல் தோற்றக் கவலையும் உளச்சிகிச்சையும்

உடல் தோற்றக் கவலை என்பது ஒருவர் தமது உடலின் வடிவம், எடை, நிறம், முக அமைப்பு, முடி முதலியவை குறித்துத் தொடர்ச்சியாகக் கொள்ளும் மனநிறைவின்மையையும், அதனால் அவருக்கு ஏற்படும் துன்பத்தையும் குறிக்கும். தோற்றம் பற்றிய சிறு குறை பெரும்பாலோருக்கும் உண்டு, அது நோயன்று. அந்த எண்ணம் நாளின் பல மணிநேரத்தை எடுத்துக்கொண்டு கல்வி, வேலை, உறவுகள் ஆகியவற்றைப் பாதிக்கும்போது உளச்சிகிச்சை தேவைப்படுகிறது. இக்கவலையின் கடுமையான வடிவம் உடல் உருவத் திரிபு நோய் எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என அழைக்கப்படுகிறது. இதற்குப் பயன் தரும் சிகிச்சைகள் உள்ளன. எனினும், பாதிக்கப்பட்டோரில் பலர் உளநல வல்லுநரை நாடாமல், தோல் மருத்துவரிடமும் அழகு அறுவை மருத்துவரிடமும் பல ஆண்டுகளைச் செலவிடுகின்றனர்.

வரலாறு

1891 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி இந்நிலையை "டிஸ்மார்ஃபோஃபோபியா" என்ற பெயரில் முதன்முதலாக விவரித்தார். பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே 1903 இல் இதனை உடல் குறித்த வெட்கத்தின் பற்றெண்ணமாகக் கண்டார். உடல் பற்றி மனம் கொள்ளும் படிமம் என்ற கருத்தை விரிவாக ஆராய்ந்த பால் ஷில்டரின் நூல் 1935 இல் வெளியானது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில், 1987 ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் இந்நோய்க்கு இப்போதைய பெயர் இடப்பட்டது. 2013 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இதனைப் பற்றெண்ண-கட்டாயச் செயல் நோய்களின் குழுவில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 வகைப்பாடும் இதனை அக்குழுவிலேயே வைத்துள்ளது. ஒரே எண்ணம் மீண்டும் மீண்டும் எழுவதும், அதைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்வதும் இரு நோய்களிலும் காணப்படுவதே இதற்குக் காரணம். சிகிச்சை முறையும் இந்தப் புரிதலையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

அறிகுறிகள்

இந்நோய் உள்ளவர், பிறர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிதாகத் தெரியும் ஒரு குறையைப் பெரிதாக உணர்கிறார். தோல், மூக்கு, முடி ஆகியவை குறித்த கவலை மிகப் பரவலானது. பின்வரும் செயல்கள் பொதுவாகக் காணப்படும்:

* கண்ணாடியை அடிக்கடி பார்த்தல் அல்லது முற்றிலும் தவிர்த்தல்
* குறையெனக் கருதும் பகுதியைத் துணி, ஒப்பனை, முடி ஆகியவற்றால் மறைத்தல்
* பிறரது தோற்றத்துடன் தம்மை ஒப்பிடுதல்
* "நான் அசிங்கமாக இருக்கிறேனா?" என உறவினரிடம் திரும்பத் திரும்பக் கேட்டல்
* தோலைக் கிள்ளுதல்
* வகுப்பு, திருமணம், நிழற்படம் எடுத்தல் முதலியவற்றைத் தவிர்த்தல்

பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளின்படி வயது வந்தோரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது. ஆண்களும் பெண்களும் பெரிதும் ஒத்த அளவில் பாதிக்கப்படுகின்றனர். பெரும்பாலோருக்கு இது 18 வயதிற்கு முன்னரே தொடங்குகிறது. ஆண்களிடம் தமது உடல் மெலிந்தது, தசை போதாது என்ற எண்ணம் தனி வகையாகக் காணப்படுகிறது. 1990களில் ஹாரிசன் போப் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை விவரித்தனர். இவர்களில் சிலர் அனபாலிக் ஸ்டீராய்டு மருந்துகளைப் பயன்படுத்தி உடல்நலத்தை இழக்கின்றனர்.

இந்நோயாளிகளிடையே தற்கொலை எண்ணமும் முயற்சியும் பொது மக்களிடையே உள்ளதைவிட மிக அதிகம். ஆகவே இதனை வெறும் "அழகுப் பித்து" என ஒதுக்குவது ஆபத்தானது.

சமூகப் பின்னணி

தோற்றக் கவலை தனிமனிதரின் மனத்தில் மட்டும் தோன்றுவதில்லை. பிஜித் தீவுகளின் ஒரு பகுதிக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. அப்போதும் 1998 இலும் பள்ளி மாணவியரிடம் ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு நடத்திய ஆய்வில், உணவு தொடர்பான பிறழ்வு மனப்பான்மை உயர்ந்த அளவில் இருந்தோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகக் கூடியது. பருத்த உடலை நலத்தின் அடையாளமாகப் போற்றிய சமூகத்தில் இந்த மாற்றம் ஏற்பட்டது குறிப்பிடத்தக்கது.

தெற்காசியாவில் தோல் நிறம் முதன்மையான கவலையாக உள்ளது. இந்தியாவில் 1975 இல் அறிமுகமான ஃபேர் அண்டு லவ்லி பசை, எதிர்ப்புகளின் பின்னர் 2020 இல் குளோ அண்டு லவ்லி எனப் பெயர் மாற்றப்பட்டது. பெண் பார்க்கும் நிகழ்விலும் மணமக்கள் விளம்பரத்திலும் நிறம் பேசப்படும் சூழலில், கறுப்பு நிறத்தவரின் மனவருத்தம் முழுவதும் கற்பனையன்று. அவர் உண்மையாகவே பாகுபாட்டுக்கு உள்ளாகிறார். "அப்படி யாரும் நினைப்பதில்லை" என்று சொல்லும் உளச்சிகிச்சையாளர் அவரது நம்பிக்கையை இழந்துவிடுவார். சமூகத்தின் தவறு எது, நோயின் மிகைப்படுத்தல் எது எனப் பிரித்தறிய உதவுவதே சிகிச்சையாளரின் பணியாகும்.

சிகிச்சை முறைகள்

ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்ட முதன்மையான முறை அறிதல்-நடத்தைச் சிகிச்சை ஆகும். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2005 இல் வெளியிட்ட வழிகாட்டி இதனைப் பரிந்துரைத்தது. பெரும்பாலும் வாரம் ஒரு முறையாகச் சில மாதங்களுக்கு நடைபெறும் இச்சிகிச்சையில் பின்வரும் கூறுகள் உண்டு:

* தோற்றத்தைப் பற்றிய எண்ணங்களை எழுதி, அவற்றின் சான்றுகளைச் சோதித்தல்
* தவிர்த்து வந்த இடங்களுக்குப் படிப்படியாகச் செல்லுதல். அங்கு மறைத்தல், சரிபார்த்தல் ஆகியவற்றைக் கைவிடுதல்
* கண்ணாடியில் ஒரே உறுப்பை உற்று நோக்காமல், முழு உடலையும் தீர்ப்புக் கூறாத சொற்களால் விவரிக்கப் பழகுதல்
* "அழகில்லாதவருக்கு மதிப்பில்லை" போன்ற அடிப்படை நம்பிக்கைகளை ஆராய்தல்

கவலை எழும்போது ஒருவர் கண்ணாடி பார்க்கிறார் அல்லது பிறரிடம் கேட்கிறார். சிறிது நேரம் ஆறுதல் கிடைக்கிறது; பின்னர் ஐயம் மீண்டும் எழுகிறது. இந்த ஆறுதலே அச்செயலைப் பழக்கமாக்குகிறது. அச்செயலைச் செய்யாமலும் கவலை தானாகத் தணியும் என்பதை நோயாளி தமது அனுபவத்தில் கண்டறிகையில் இச்சுழற்சி உடைகிறது. "நீ அழகாகத்தான் இருக்கிறாய்" எனக் குடும்பத்தினர் ஓயாமல் கூறுவது நோயைக் குறைக்காததற்கும் இதுவே காரணம்.

கடுமையான நிலையில், செரோடோனின் மீள்ளெடுப்பைத் தடுக்கும் ஃபுளூவாக்செட்டின் போன்ற மருந்துகள் உளமருத்துவரால் தரப்படுகின்றன. இவற்றின் பயன் தெரிய ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகலாம். இளையோர் இம்மருந்துகளைத் தொடங்கும் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் எழுகிறதா எனக் கவனிக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக் கூடாது.

அழகு அறுவை சிகிச்சை இந்நோயைக் குணப்படுத்துவதில்லை. அறுவைக்குப் பின்னர் மனநிறைவின்மை அப்படியே நீடிக்கிறது அல்லது கவலை வேறோர் உறுப்புக்கு மாறுகிறது.

யாரை நாடுவது

உளநலத் துறையில் பணியாற்றுவோர் பல வகையினர். இந்தியாவில் அவர்களிடையே உள்ள வேறுபாடு வருமாறு:

* உளமருத்துவர்: மருத்துவப் பட்டமும் அதன்மேல் உளமருத்துவத்தில் சிறப்புப் பயிற்சியும் பெற்றவர். மருந்து எழுதித் தரும் உரிமை உடையவர்.
* மருத்துவ உளவியலாளர்: உளவியலில் உயர் கல்வியும் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர். 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். பேச்சு வழிச் சிகிச்சையைப் பெரும்பாலும் இவரே அளிக்கிறார்.
* உளவளத்துணையாளர் அல்லது ஆலோசகர்: இப்பெயரை முதுநிலைப் பட்டம் பெற்றவரும் குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்றவரும் பயன்படுத்துவதுண்டு. ஆதலால் கல்வித் தகுதியைக் கேட்டறிவது இன்றியமையாதது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவுகளிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இயங்கும் பிரிவுகளிலும் கட்டணமின்றி அல்லது குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள அரசு மனநலக் காப்பகமும், பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனமும் பரவலாக அறியப்பட்டவை. இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926 ஆகும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதல் சந்திப்புக்கு முன்னரோ அச்சந்திப்பிலோ பின்வரும் கேள்விகளைக் கேட்பது பொருத்தமானது:

* உங்கள் கல்வித் தகுதியும் பதிவும் யாவை?
* உடல் உருவத் திரிபு நோய், உணவு உண்ணல் குறைபாடு, பற்றெண்ண நோய் ஆகியவற்றில் உங்களுக்கு அனுபவம் உண்டா?
* எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள்? முன்னேற்றத்தை எவ்வாறு அளவிடுவீர்கள்?
* கட்டணம் எவ்வளவு? எத்தனை அமர்வுகள் தேவைப்படலாம்?

இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளாமல் விடை தருவது நல்ல சிகிச்சையாளரின் அடையாளம். மாறாக, முதல் நாளிலேயே எடை குறைக்கும் திட்டத்தையோ அழகுப் பொருளையோ பரிந்துரைப்பவர், தோற்றத்தைக் கேலி செய்பவர், சில நாட்களில் முழுக் குணம் என உறுதியளிப்பவர் ஆகியோரைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் பொருந்தாவிடில் வேறொருவரிடம் செல்வது தவறன்று.

வெட்கத்தால் பல நோயாளிகள் உண்மைக் காரணத்தைக் கூறாமல், தூக்கமின்மை அல்லது சோர்வு என்று மட்டும் சொல்கின்றனர். மருத்துவரும் கேட்காவிடில் நோய் கண்டறியப்படாமலே போகும். நேரில் சொல்ல இயலாதவர், "என் தோற்றத்தைப் பற்றிய எண்ணம் தினமும் இத்தனை மணிநேரம் வருகிறது; இவற்றைத் தவிர்க்கிறேன்" என எழுதிச் சென்று கொடுக்கலாம். உடலைப் பற்றித் தயக்கமின்றிப் பேசக்கூடிய மொழியில் சிகிச்சை பெறுவதும் உதவும்.

கவலை முதன்மையாக எடையைப் பற்றியதாயின் அது உணவு உண்ணல் குறைபாடாக இருக்கக்கூடும். விரைவான எடை இழப்பு, மயக்கம், மாதவிடாய் நிற்றல், உண்டபின் வாந்தி எடுத்தல் ஆகியவை இருந்தால் உளச்சிகிச்சையுடன் பொது மருத்துவரின் உடற்பரிசோதனையும் உடனடியாகத் தேவை.

சட்டமும் உரிமைகளும்

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அனைவருக்கும் வழங்குகிறது. நோயாளி பற்றிய தகவல்களை இரகசியமாகக் காக்க வேண்டும் எனவும், உடல்நோய்களுக்கு உள்ளது போன்றே மனநோய்களுக்கும் மருத்துவக் காப்பீடு அளிக்கப்பட வேண்டும் எனவும் அது கூறுகிறது. உயிருக்கு ஆபத்து ஏற்படும் நிலை போன்ற சில சூழல்களில் மட்டும் இரகசியக் காப்புக்கு விலக்கு உண்டு.

குடும்பத்தினரின் பங்கு

சிறுவர், பதின்ம வயதினரின் சிகிச்சையில் பெற்றோரும் பங்கேற்பது நன்று. தோற்றத்தைப் பற்றிய வாதத்தில் இறங்காமல், "இந்த எண்ணம் உன்னை எவ்வளவு வருத்துகிறது என்று தெரிகிறது, சேர்ந்து மருத்துவரைப் பார்ப்போம்" எனத் துன்பத்தை ஏற்றுக்கொள்வது பயன் தரும். "கறுத்துவிட்டாய்", "பெருத்துவிட்டாய்" என வீட்டிலும் விருந்திலும் வழங்கும் பேச்சைக் கைவிடுவது குடும்பத்தினர் உடனே செய்யக்கூடியதாகும். தற்கொலை பற்றிய பேச்சு எழுந்தால் நோயாளியைத் தனியே விடாமல், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உளச்சிகிச்சை
* பற்றெண்ண-கட்டாயச் செயல் நோய்
* உணவு உண்ணல் குறைபாடு
* தற்கொலைத் தடுப்பு